ஃபைப்ரோமயால்ஜியா: ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கண்டறியலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் பெண்களின் மூட்டுவலி, முதுகுவலி பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மூட்டுத் தேய்மானம், முடக்குவாதம், எலும்பு அடர்த்திக் குறைவு ஆகிய மூன்றையும் பற்றித் தெளிவாக எழுதியிருந்தார்கள். அந்த மூன்றிலும் அடங்காமல், ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் எதுவும் தென்படாமல், ஆண்டுக்கணக்கில் உடம்பு முழுவதும் வலியோடு வாழ்கிறவர்களுக்கு அக்கட்டுரையில் இடமில்லாமல் போய்விட்டது. ஃபைப்ரோமயால்ஜியா என்று மருத்துவம் பெயரிட்டிருக்கும் அந்த நோயைப் பற்றி, அரசு மருத்துவமனை ஒன்றில் பிசியோதெரபிஸ்டாக நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்தருள வேண்டும்.

நான் வலியுறுத்த விரும்புவது இதுதான். இந்நோயைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியிலிருக்கும் மருத்துவரே உரிய கேள்விகளைக் கேட்டு, உடலைப் பரிசோதித்து, சில எளிய ரத்தப் பரிசோதனைகளோடு இதை உறுதிசெய்துவிட முடியும். சிகிச்சைக்கு அச்சாணியாக இருக்கும் உடற்பயிற்சிக்கும் பெரிய செலவு கிடையாது. அப்படியிருந்தும், ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொரு மருத்துவருக்கு, ஒரு ஸ்கேன் மையத்திலிருந்து இன்னொன்றுக்கு என்று அலைந்து, நகையை அடகு வைத்து, கடைசியில் 'உனக்கு ஒன்றுமில்லை' என்ற பதிலோடு வீடு திரும்புகிறவர்களே நம்மிடையே அதிகம். இந்த அலைச்சலில் பெரும்பகுதி தவிர்க்கக் கூடியது.

இந்நோயுள்ளவர்கள் பெரும்பாலும் ஓரிடத்தைச் சுட்டி வலி என்று சொல்வதில்லை. கழுத்து, தோள்பட்டை, நடுமுதுகு, இடுப்பு, தொடை, கெண்டைக்கால் என்று கை நகர்ந்துகொண்டே போகும். 'எங்கே வலிக்கவில்லை என்று கேளுங்கள்' என்று முடிப்பார்கள். அடித்துப் போட்டதுபோல் இருக்கிறது என்பார்கள், எலும்புக்குள் குடைகிறது என்பார்கள், மறுவாரம் வந்து எரிகிறது என்பார்கள். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் விடியும்போது தூங்கி எழுந்த உணர்வு இருக்காது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவது, பேச்சின் நடுவே நாவருகே வந்த சொல் நழுவிப்போவது, கடைக்குப் போய் எதற்காக வந்தோம் என்று திகைத்து நிற்பது ஆகியவை வலியைவிட அதிகமாக அவர்களை அச்சுறுத்தும். குழந்தை மடியில் ஏறினால் வலிக்கும். வளையல் சற்று இறுகினால் வலிக்கும். ஒற்றைத் தலைவலி, வயிற்றுப்போக்கும் மலச்சிக்கலும் மாறிமாறி வரும் குடல் தொல்லை, கை கால் மதமதப்பு, சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்க முடியாமை ஆகியவையும் பலருக்கு உடன் இருக்கும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சிறப்பு மருத்துவரின் வாசலுக்கு இட்டுச்செல்லும். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் ஒன்றாகப் பார்ப்பவருக்குத்தான் நோய் புலப்படும்.

உலக அளவில் 100 பேரில் ஏறக்குறைய 2 முதல் 4 பேருக்கு இந்நோய் இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் கணிக்கின்றன. நோயாளிகளில் பெண்களே மிகுதி. ஆனால் ஆண்களுக்கு வராது என்ற எண்ணம் தவறு. உடம்பு முழுவதும் வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல ஆண்கள் தயங்குவதாலும், சொன்னாலும் வேலைக் களைப்பு என்று ஒதுக்கப்படுவதாலும் அவர்களுக்கு நோய் கண்டறியப்படுவது குறைவு. நோயைக் கண்டறிவதற்கான பழைய வரையறையைக் காட்டிலும் (இரண்டையும் பின்னால் விளக்குகிறேன்) புதிய வரையறையில் ஆண்களின் விகிதம் கூடுதலாகத் தெரியவருவது இதற்குச் சான்று.

சோதனைகளில் எதுவும் தெரியவில்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது என்ற நியாயமான கேள்வி எழும். 1904ஆம் ஆண்டில் லண்டனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் வில்லியம் கவர்ஸ், தசையைச் சூழ்ந்த நார்த்திசுவில் அழற்சி ஏற்படுவதால்தான் இவ்வலி வருகிறது என்று கருதி அதற்கேற்பப் பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் தேடிப் பார்த்தபோது அங்கே அழற்சி எதுவும் இல்லை. 1976இல் இன்றைய பெயர் புழக்கத்துக்கு வந்தது. நோயின் இருப்பிடம் தசையைவிட வலியை உணரும் நரம்பு மண்டலமே என்ற தெளிவு அடுத்து வந்த ஆண்டுகளில் கிடைத்தது. நோயாளிகளின் தண்டுவடத் திரவத்தில் வலிச் செய்தியைக் கடத்தும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருள் மற்றவர்களுக்கு இருப்பதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1994இல் காட்டினார்கள். 2002இல் வெளியான மற்றோர் ஆய்வு என் போன்றவர்களின் பார்வையையே மாற்றியது. கட்டைவிரல் நகத்தின் மீது அளவிட்ட அழுத்தம் கொடுத்து, அதே நேரத்தில் மூளையை எம்.ஆர்.ஐ. மூலம் படம் பிடித்தார்கள். மற்றவர்களுக்கு வெறும் தொடுதலாகத் தோன்றிய லேசான அழுத்தம் நோயாளிகளின் மூளையில் வலிக்குரிய பகுதிகளை இயங்கச் செய்தது. அதே அளவு இயக்கம் மற்றவர்களிடம் தோன்ற ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்தம் தேவைப்பட்டது. 'நடிக்கிறாள்' என்று சொல்லப்பட்ட எத்தனையோ பெண்களுக்கு ஆதரவாக அந்தப் படங்கள் பேசின.

நோயாளிகளுக்கு இதை விளக்கும்போது நான் சொல்வது வழக்கம்: வீட்டைக் காக்கும் நாய் திருடனைக் கண்டால் குரைக்க வேண்டும், அது இலை அசைந்தாலும் பால்காரர் வந்தாலும் இரவெல்லாம் குரைத்தால், குரைப்பு உண்மைதான், ஆனால் திருடன் இல்லை. உடம்பில் சிதைவு இல்லாதபோதும் வலி உண்மையாக இருப்பது இப்படித்தான். வலியை மட்டுப்படுத்த மூளையிலிருந்து கீழ்நோக்கி வரும் ஏற்பாடும் இவர்களிடம் சரிவர வேலை செய்வதில்லை. இத்துடன் விஷயம் தீர்ந்துவிட்டதாகவும் கொள்ளக்கூடாது. நோயாளிகளில் கணிசமானோருக்குத் தோலிலுள்ள மிக நுண்ணிய நரம்பிழைகள் குறைந்திருப்பது 2013 முதல் தெரியவந்திருக்கிறது. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்பொருள்களை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் வலியுணர்வு மிகுந்ததாக பிரிட்டன், ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள். மரபும், விபத்து, தொற்றுக் காய்ச்சல், தீராத மன அழுத்தம் போன்ற தூண்டுதல்களும் சேர்ந்து இயங்கும் நோய் இது. 2006இல் தமிழகத்தைச் சிக்குன்குனியா வாட்டியபோது, காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில் உடல்வலி விடாமல் வருந்தியவர்களைக் கண்டவர்களுக்கு, தொற்றுக்குப் பின் வலி நிலைத்துவிடுவது புதிய செய்தியாக இருக்காது.

இனி, கண்டறியும் முறைக்கு வருகிறேன். 1990இல் அமெரிக்க வாதநோயியல் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு வகுத்த விதிப்படி, உடலில் குறிப்பிட்ட 18 புள்ளிகளைச் சுமார் 4 கிலோ விசையில் அழுத்தி, குறைந்தது 11 இடங்களில் வலித்தால்தான் இந்நோய் என்று கொள்ள வேண்டும். பழக்கமில்லாத கைக்கு அது கடினம். பல மருத்துவர்கள் அதைச் செய்யாமலே விட்டுவிட்டார்கள். 2010இல் அதே அமைப்பு புள்ளிகளை அழுத்திப் பார்ப்பதைக் கைவிட்டு, கேள்விகளின் அடிப்படையில் புதிய முறையை வெளியிட்டது. 2016இல் அது திருத்தப்பட்டது. கடந்த ஒரு வாரத்தில் 19 உடற்பகுதிகளில் எவையெவை வலித்தன என்று எண்ண வேண்டும். அயர்ச்சி, புத்துணர்ச்சியில்லாத விழிப்பு, நினைவுத் தடுமாற்றம் ஆகிய மூன்றுக்கும் தலா 3 வரையும், தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு ஆகியவற்றுக்குத் தலா ஒன்றும் என மொத்தம் 12 மதிப்பெண்கள். வலிக்கும் இடங்கள் 7 அல்லது அதற்கு மேலும் மதிப்பெண் 5 அல்லது அதற்கு மேலும் இருந்தாலோ, இடங்கள் 4 முதல் 6 வரையும் மதிப்பெண் 9 அல்லது அதற்கு மேலும் இருந்தாலோ, வலி உடலின் ஐந்து பெரும்பகுதிகளில் நான்கிலாவது பரவி மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நீடித்தால், ஃபைப்ரோமயால்ஜியா என்று முடிவு செய்யலாம். இதற்கு வேண்டியது ஒரு தாளும் பேனாவும் காது கொடுத்துக் கேட்கும் பத்து நிமிடமும்தான். அந்தப் பத்து நிமிடம் கூட்ட நெரிசலான புறநோயாளிப் பிரிவில் எவ்வளவு அரிது என்பதை நான் அறிவேன். ஆனால் அதைக் கொடுக்காததால் அதே நோயாளி ஆண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் நேரம் அதைப்போல் பன்மடங்கு.

ரத்தச் சோகை, தைராய்டு குறைவு, அழற்சியின் அறிகுறி ஆகியவை உண்டா என்று பார்க்க அடிப்படைப் பரிசோதனைகள் செய்துகொள்வது முறை. முடக்குவாதத்துக்கும், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ் நோய்க்குமான சிறப்புப் பரிசோதனைகளை, அந்நோய்களின் அடையாளம் உடலில் தெரிந்தால் மட்டும் செய்தால் போதும். ஆரோக்கியமானவர்களிலும் சிலருக்கு அவை லேசாக நேர்மறையாக வருவது உண்டு. அந்தத் தாளை வைத்துக்கொண்டு இல்லாத நோய்க்கு ஆண்டுக்கணக்கில் மருந்து சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே சமயம், முடக்குவாதம் உண்மையிலேயே இருப்பவருக்கும் இந்நோய் சேர்ந்து வரலாம். மூட்டு வீக்கம் வடிந்த பிறகும் வலி குறையவில்லையென்றால், முடக்குவாத மருந்தைக் கூட்டுவதற்கு முன் இதை நினைவில் கொள்ள வேண்டும். மூட்டில் வீக்கமும் சூடும், தொடர் காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, கை கால் பலம் குன்றுதல், சிறுநீர் மலம் கட்டுப்பாடு இழத்தல் ஆகியவற்றில் எதுவும் ஃபைப்ரோமயால்ஜியாவின் அறிகுறி அன்று. அவை இருந்தால் வேறு நோயைத் தாமதமின்றித் தேட வேண்டும்.

சரியான நேரத்தில் பெயர் சொல்லப்படாததால் நேரும் கேடுகளைப் பார்த்தவள் என்பதால் சற்று அழுத்தமாகவே எழுதுகிறேன். வலிக்கும்போதெல்லாம் தெருமுனை கிளினிக்கில் டைக்ளோபினாக் ஊசி போட்டுக்கொள்வது நம் ஊர்களில் சர்வசாதாரணம். இந்நோயில் அழற்சி இல்லாததால் அழற்சிக்கான அந்த மருந்து பயன் தருவதில்லை. வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகப் பாதிப்பையும் மட்டும் தந்துவிடக்கூடும். ஸ்டீராய்டு மாத்திரை முதல் சில நாட்களில் தெம்பு வந்ததுபோல் காட்டும். தொடர்ந்தால் முகம் உப்பி, சர்க்கரை ஏறி, எலும்பு மெலிந்து, பழைய வலியோடு புதிய நோய்களும் குடியேறும். எழுத்தில்லாத பொட்டலத்தில் வரும் 'வாதப் பொடி'களிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. டிரமடால், டாபென்டடால் போன்ற ஓபியாய்டு வகை (அபினைப் போல் வேலை செய்யும்) வலி மருந்துகளை நம்பியிருப்பதும் சரியல்ல. நோயாளிகளின் மூளையில் அவ்வகை மருந்து சென்று ஒட்டும் ஏற்பிகளே குறைவாகக் கிடைக்கின்றன என்று மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு 2007இல் காட்டியது. வலி பெரிதாகக் குறையாமல், பழக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளக்கூடும். எம்.ஆர்.ஐ. படத்தில் வயதுக்கேற்ற சவ்வுப் பிதுக்கம் தெரிந்தது என்பதற்காக முதுகில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, வலி சற்றும் குறையாமல் எங்களிடம் வந்தவர்களும் உண்டு.

சிகிச்சையில் என் துறைக்குரிய பகுதியை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். ஐரோப்பிய வாதநோயியல் கூட்டமைப்பு 2016இல் எல்லா ஆய்வுகளையும் எடைபோட்டபோது, வலுவான பரிந்துரை என்ற தகுதியை ஒரே ஒரு சிகிச்சைக்குத்தான் வழங்கியது, அது உடற்பயிற்சி. வலிக்கிற உடம்பை அசைக்கச் சொல்வது கொடுமையாகத் தோன்றும். அசையாமல் கிடந்தால் தசை தளர்ந்து, சிறு வேலையே பெரும் சுமையாகி, நரம்பு மண்டலம் மேலும் கூர்மையாகி, வலி வளரும் என்பதுதான் அனுபவம். ஆனால் 'நன்றாக நடங்கள்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்புவதால் பயனில்லை. சொன்னதைக் கேட்டு முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அடுத்த மூன்று நாள் எழ முடியாமல் கிடந்து, 'பயிற்சி எனக்கு ஒத்துக்கொள்ளாது' என்று முடிவு செய்துவிடுவார்கள். தவறு பயிற்சியின் அளவில்தான், பயிற்சியில் இல்லை.

தொடக்கம் மிகச் சிறியதாக இருக்க வேண்டும். மோசமான நாளில்கூடச் செய்ய முடிகிற அளவு எதுவோ அதுவே முதல் அளவு. ஒருவருக்கு அது தெருக்கோடி வரை ஐந்து நிமிட நடை; இன்னொருவருக்கு நாற்காலியில் அமர்ந்து எழுவது ஐந்து முறை. அந்த அளவை ஒரு வாரம் மாற்றாமல் செய்து, அடுத்த வாரம் ஓரிரு நிமிடம் கூட்டலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். பயிற்சி முடிந்த மறுநாள் லேசாக வலி கூடினால் பயப்பட வேண்டியதில்லை. இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால் அளவைச் சற்றுக் குறைக்க வேண்டும், நிறுத்தக்கூடாது. பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்களாவது ஆகும் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவது மிக முக்கியம். சொல்லாவிட்டால் இரண்டாம் வாரத்திலேயே கைவிட்டுவிடுவார்கள். நடை பழகிய பிறகு, தண்ணீர் நிரப்பிய சிறு பாட்டில்களைத் தூக்கி இறக்குவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது போன்ற தசை வலுப் பயிற்சிகளைச் சேர்க்கலாம். வெதுவெதுப்பான நீரில் செய்யும் பயிற்சி மிகவும் இதமானது. நம் ஊர்களில் அதற்கான குளம் அரிது என்பதால், பயிற்சிக்கு முன் வெந்நீர்க் குளியல் ஓரளவு உதவும். மூச்சோடு இணைந்த மெதுவான அசைவுகளுக்கும் நல்ல சான்று இருக்கிறது. சீனத்துத் தாய் சி பயிற்சி, வழக்கமான ஏரோபிக் பயிற்சிக்கு இணையாகவோ மேலாகவோ பலன் தந்ததாக 226 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2018இல் கூறியது. யோகாசனம் எட்டு வாரங்களில் வலியையும் அயர்ச்சியையும் குறைத்ததாக 2010இல் அங்கேயே மற்றோர் ஆய்வு வெளிவந்தது. யோகா நம்மிடம் இருக்கிறது. உடலை வளைத்து முறுக்கும் போட்டியாக இல்லாமல் எளிய அசைவுகளாகக் கற்றுத்தர ஆள் வேண்டும்.

'நாள் முழுக்க வீட்டு வேலைதானே செய்கிறேன், இதற்கு மேல் பயிற்சி எதற்கு' என்று கேட்காத பெண் இல்லை. கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டு வேலை குனிந்தபடியும், ஒரே பக்கமாகவும், ஓய்வின் அளவை நாமே தீர்மானிக்க முடியாமலும் நடப்பது. வலி குறைந்த ஒரு நாள் கிடைத்துவிட்டால் தேங்கிய துணி, பாத்திரம், ஒட்டடை எல்லாவற்றையும் அன்றே முடித்துவிட்டு அடுத்த நான்கு நாள் படுத்துவிடுவதுதான் இந்நோயாளிகளின் வாழ்க்கைச் சக்கரம். பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்துக் கழுவிய பிறகும், கல்யாண வீட்டு வேலைக்குப் பிறகும் எங்கள் பிரிவில் கூட்டம் கூடும். நல்ல நாளிலும் பாதியில் நிறுத்தவும், கெட்ட நாளிலும் சிறிதளவாவது செய்யவும் பழக்குவதே சிகிச்சையின் கடினமான பகுதி. அதற்கு நோயாளி மட்டும் மனம் வைத்தால் போதாது. துணியைப் பாதியில் விட்டு உட்கார்ந்த மருமகளைப் பார்த்து ஒரு சொல்லும் சொல்லாத மாமியாரும், குடத்தைத் தாமே தூக்கிவைக்கும் கணவரும் அந்த வீட்டில் இருக்க வேண்டும். அதனால்தான், முடிந்தபோதெல்லாம் கணவரையும் உடன் அழைத்து வரும்படி சொல்லி, மூளைப் படங்களைப் பற்றிய செய்தியை அவருக்கும் சேர்த்து விளக்குவேன்.

தூக்கத்துக்கு உரிய இடம் நம்மிடம் தரப்படுவதில்லை. டொரன்டோவைச் சேர்ந்த ஹார்வி மோல்டோப்ஸ்கி 1975இல் ஆரோக்கியமானவர்களின் ஆழ்ந்த தூக்கத்தை மட்டும் சத்தம் எழுப்பித் தொடர்ந்து கலைத்தபோது, சில இரவுகளிலேயே அவர்களுக்கும் தசைவலியும் அயர்ச்சியும் தோன்றின. வலி தூக்கத்தைக் கெடுப்பதும் கெட்ட தூக்கம் வலியை வளர்ப்பதும் ஒன்றையொன்று ஊட்டிக்கொள்கின்றன. மாலைக்குப் பிறகு காபி, டீ தவிர்ப்பதும், கைபேசியைப் படுக்கைக்கு வெளியே வைப்பதும், தினமும் ஒரே நேரத்தில் எழுவதும் எளிய அறிவுரைகள். நள்ளிரவில் திறக்கும் குழாய்த் தண்ணீருக்காக விழித்திருக்க வேண்டிய பெண்ணுக்கு அவை எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும் அறிவுரை சொல்பவர் யோசிக்க வேண்டும். உரத்த குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் உண்டா என்று பார்ப்பது அவசியம்.

மருந்துகளை நான் ஒதுக்கவில்லை. இரவில் 10 மில்லிகிராம் அளவில் தொடங்கும் அமிட்ரிப்டிலின் மலிவானது. தூக்கத்தைச் சீராக்கிப் பலருக்கு ஓரளவு உதவுகிறது. பிரிகாபலின், டுலாக்செடின், மில்னாசிப்ரான் ஆகியவற்றுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு முறையே 2007, 2008, 2009ஆம் ஆண்டுகளில் இந்நோய்க்காக ஒப்புதல் அளித்தது. ஐரோப்பிய மருந்து முகமை அளிக்கவில்லை. பிரிட்டனின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், இந்நோயை உள்ளடக்கிய நாள்பட்ட வலிகளுக்குப் பாரசிடமால், அழற்சி மருந்துகள், ஓபியாய்டுகள், பிரிகாபலின் ஆகியவற்றைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றும், உடற்பயிற்சி, மனநலச் சிகிச்சை, சில மனச்சோர்வு மருந்துகள் ஆகியவற்றைக் கருதலாம் என்றும் கூறுகின்றன. அறிஞர்களிடையே இவ்வளவு வேறுபாடு இருப்பதற்குக் காரணம் பலனின் அளவு சிறியது என்பதே: பிரிகாபலினால் வலி பாதியாகக் குறைவது, வெற்று மாத்திரை உண்டவர்களைக் காட்டிலும் கூடுதலாக ஏறக்குறைய 10 பேரில் ஒருவருக்குத்தான். அந்த ஒருவருக்கு அது பெரிய வரம். மற்றவர்களுக்குத் தலைச்சுற்றலும் எடை கூடுதலும் மட்டுமே மிஞ்சினால் மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாக நிறுத்திவிட வேண்டும். தாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

டுலாக்செடின் சீட்டை மருந்துக் கடையில் நீட்டியவுடன் 'இது மனநோய் மாத்திரை அல்லவா' என்று யாராவது சொல்லிவிட, அன்றோடு நிறுத்திவிட்டவர்கள் பலர். வலியைக் கீழ்நோக்கி மட்டுப்படுத்தும் நரம்பு வழியில் அந்த மருந்து வேலை செய்கிறது என்பதை எழுதிக்கொடுக்கும்போதே விளக்கினால் இது நேராது. மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயாளிகளிடம் மிகுதி என்பது உண்மை. சிறுவயதுத் துயரங்கள் பின்புலமாக இருப்பதும் உண்டு. அவற்றுக்கும் சிகிச்சை தேவை. 'எல்லாம் உன் மனசில்தான் இருக்கிறது' என்று ஒருவரை அனுப்பிவைப்பது சிகிச்சை ஆகாது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் உளவியல் சிகிச்சை, வலியோடு வாழும் ஆற்றலை வளர்ப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. வலி கற்பனை என்பதால் அது பலன் தருகிறது என்று பொருள் கொள்வது அநியாயம்.

இந்நோய் உயிரைப் பறிப்பதில்லை, மூட்டை முடமாக்குவதும் இல்லை. முழுமையாக நீங்கிவிடும் என்று வாக்களிக்கவும் முடியாது. வலி பாதியாகக் குறைந்து, தூக்கம் திரும்பி, வேலைக்குப் போகத் தொடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்; 'பத்தியம் இருந்தால் பத்தே நாளில் குணம்' என்னும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அரசிடம் என் வேண்டுகோள்கள் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலர்களோடு பிசியோதெரபிஸ்ட்டும் வீடு தேடிச் செல்கிறார். வேறு பல மாநிலங்களில் காணக் கிடைக்காத இந்த ஏற்பாட்டின் வழியாகவே, மேலே சொன்ன 19 உடற்பகுதிகள் கொண்ட கேள்வித்தாளை எளிய தமிழில் அச்சிட்டு, நாள்பட்ட உடல்வலி என்று சொல்பவர்களிடம் நிரப்பி வாங்கலாம். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு நடத்தப்படும் பயிற்சிகளில் இந்நோய்க்கு அரை நாள் ஒதுக்கலாம். சென்னை மருத்துவக் கல்லூரியில் வாதநோயியலுக்கெனத் தனித்துறை பல்லாண்டுகளாக இயங்கிவருகிறது. பாடத்திட்டத்தை அத்துறையினரிடமே கேட்டுப் பெறலாம். முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் பெரும்பாலும் உள்நோயாளியாகச் சேர்ந்து பெறும் சிகிச்சைகளையே தாங்குவதால், வாரந்தோறும் பிசியோதெரபிக்கு வர வேண்டியவரின் பேருந்துச் செலவும் இழந்த கூலியும் அவர் தலையிலேயே விழுகின்றன. ஒவ்வொரு வட்டாரத்திலும் வாரம் இருமுறை, வேலை முடிந்த மாலை வேளையில், அரசுப் பள்ளி வளாகத்திலோ சமுதாயக் கூடத்திலோ பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் கூட்டுப் பயிற்சி வகுப்பு நடத்தினால் இந்தச் சுமை பெருமளவு குறையும். ஒரே வலியுள்ள பத்துப் பெண்கள் ஓரிடத்தில் சேரும்போது பயிற்சியை நடுவில் விடுவதும் குறைகிறது. இதை என் பணிக்காலத்திலேயே கண்டேன்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இந்நோய் இல்லை. அதைச் சேர்க்க வேண்டுமா என்பது நெடிய விவாதத்துக்குரியது. அதுவரை காத்திராமல், அரசு அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் துணிக்கடைகளும் மருத்துவச் சான்று உள்ள ஊழியருக்கு உட்கார ஒரு நாற்காலியும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிட ஓய்வும் தரலாம். கடைகளிலும் நிறுவனங்களிலும் ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் சட்டத் திருத்தமே கொண்டுவந்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தினாலே பலர் வேலையை விடாமல் இருப்பார்கள்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். உலகெங்கும் ஃபைப்ரோமயால்ஜியா விழிப்புணர்வு நாளாக மே 12 கடைப்பிடிக்கப்படுகிறது. அன்றைய இதழின் மருத்துவப் பக்கத்தில், தகுதியுள்ள வாதநோய் மருத்துவர் ஒருவரின் மேற்பார்வையில், அந்தக் கேள்விப் பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டுகிறேன். வாசகர் அதை வெட்டியெடுத்து, நிரப்பி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்லும்படி ஒரே பக்கத்தில் அச்சிட்டால் நன்று.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற பிசியோதெரபிஸ்ட்,
திருநெல்வேலி.